அனுமதியின்றி ஏற்றப்பட்ட படைப்பை இணையத்திலிருந்து நீக்கச் செய்வது எப்படி: தளங்களின் சட்டப் பொறுப்பும் அறிவிப்பு எழுதும் முறையும்

"எங்கள் பதிப்பகத்தின் நூல்கள் பலவும் தங்கள் தளத்தில் எங்கள் அனுமதியின்றி உலவி வருகின்றன. அவை அனைத்தையும் உடனே நீக்காவிடில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்." புத்தகக் கண்காட்சி முடிந்த சில வாரங்களில், புதிய நூலின் பிடிஎஃப் டெலிகிராமிலும் கோப்புப் பகிர்வுத் தளங்களிலும் தலைகாட்டத் தொடங்கியதும், சிறு பதிப்பாளர்கள் தாங்களாகவே எழுதி அனுப்பிவிட்டு, பதில் வராத நிலையில் என்னிடம் கொண்டுவந்து காட்டும் கடிதங்கள் ஏறக்குறைய இந்த இரண்டு வரிகளாகவே இருக்கின்றன. அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் எந்த நூல், எந்த முகவரியில், எந்த உரிமையின் பேரில் என்ற மூன்றும் இல்லாத கடிதம், தளத்தை நடத்துபவருக்கு எந்தக் கடமையையும் உண்டாக்குவதில்லை.

பிறர் ஏற்றிய உள்ளடக்கத்துக்கு ஒரு தளம் எப்போது பொறுப்பாகிறது என்று கேட்டால், இந்தியச் சட்டம் தரும் விடை பெரும்பாலும் "அதற்குத் தெரிந்த பிறகு" என்பதே. அந்தத் தெரிதலை நாள், நேரத்தோடு பதிவு செய்யும் ஆவணம்தான் நீங்கள் அனுப்பும் அறிவிப்பு. ஆகவே அதை மிரட்டல் கடிதமாக எண்ணாமல் சான்றாவணமாக எண்ணி எழுத வேண்டும். பின்னாளில் நீதிபதி ஒருவர் அதைப் படித்து, "இதைப் பெற்ற பிறகும் தெரியாது என்று சொல்ல முடியுமா?" என்று தளத்தின் வழக்கறிஞரைக் கேட்கும் அளவுக்கு அது துல்லியமாக இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாளிதழ்களில்கூட இதைக் "காப்புரிமை மீறல்" என்று எழுதிவிடுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. அதற்குச் சட்டம் வேறு. நூல், பாடல், படம், ஒளிப்படம், மென்பொருள் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. அதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்.

தளத்துக்கு உள்ள காப்பும் அது விலகும் இடமும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிறருடைய தகவலைப் பெற்றுச் சேமிப்பவரையும் கடத்துபவரையும் இடைநிலையாளர் என்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனம், இணைய இணைப்பு தருபவர், வலைத்தள இடம் வாடகைக்கு விடுபவர், தேடுபொறி, இணையச் சந்தை, தெருமுனை பிரவுசிங் சென்டர் எல்லாமே இந்த வரையறைக்குள் அடங்கும். இவர்களுக்கு அச்சட்டத்தின் 79-ஆம் பிரிவு ஒரு காப்பைத் தருகிறது. அனுப்புவதைத் தொடங்கிவைக்காமல், யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்காமல், தகவலைத் தேர்வோ திருத்தமோ செய்யாமல், உரிய கவனத்தோடு நடந்துகொண்டால், பிறர் ஏற்றியதற்கு இடைநிலையாளர் பொறுப்பாக மாட்டார். 2008-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் வழியாக இந்தக் காப்பு இன்றைய வடிவத்தைப் பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, பயனர் ஒருவர் விற்பனைக்கு வைத்த ஆபாசக் காணொளிக்காக ஓர் இணையச் சந்தையின் தலைமை நிர்வாகியே கைது செய்யப்பட்டதை நினைவில் வைத்தால், காப்பு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

தூண்டியவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் காப்பு இல்லை. உண்மையாகத் தெரிந்த பிறகும் நீக்காதவருக்கும் இல்லை. தெரிதல் என்றால் என்ன என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால் மட்டுமே 79-ஆம் பிரிவின்படி இடைநிலையாளருக்குத் தெரிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று விளக்கியது. ஒருவர் உங்களை அவதூறாக எழுதினால், உங்கள் கடிதம் மட்டும் தளத்தின் காப்பை விலக்கிவிடாது என்பது இதன் பொருள். அந்தரங்கப் படங்களுக்கு மட்டும் வழி வேறு; பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 24 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்கியாக வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகள் கூறின.

பதிப்புரிமையின் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, பதிப்புரிமைச் சட்டத்தின் கீழுள்ள உரிமைகளைத் தான் தடுக்காது என்று சொல்கிறது. அப்படியானால் பதிப்புரிமை வழக்குகளில் 79-இன் காப்பே இல்லையா? டி-சீரிஸ் இசை நிறுவனத்துக்கும் மைஸ்பேஸ் என்னும் சமூக ஊடகத் தளத்துக்கும் இடையிலான வழக்கில், 2011-இல் டில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஏறக்குறைய அப்படித்தான் முடிவு செய்தார். 2016 டிசம்பர் 23 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. இரு சட்டங்களையும் இசைவாகப் படிக்க வேண்டும், காப்பு உண்டு, தளத்தில் எங்கோ மீறல் நடக்கிறது என்ற பொதுவான அறிதல் போதாது, இன்ன படைப்பு, இன்ன இடத்தில் என்ற குறிப்பான அறிதல் வேண்டும், ஆனால் அந்த அறிதலை உண்டாக்க நீதிமன்ற ஆணை தேவையில்லை, உரிமையாளரின் அறிவிப்பே போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம். டி-சீரிஸ் தன் படைப்புகளின் பட்டியலை இணைய முகவரிகளோடு தர வேண்டும், பெற்ற 36 மணி நேரத்துக்குள் மைஸ்பேஸ் நீக்க வேண்டும் என்று அமர்வு ஆணையிட்டது. பாடல்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் எவ்வளவு நீளமாக இருந்தாலும் போதாது என்பதை, மேலே காட்டிய இரண்டு வரிக் கடிதத்தை எழுதும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் கையில் உரிமை இருக்கிறதா?

அறிவிப்புகள் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான். ஆகவே இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒளிப்படக் கலைஞர் ஒருவர், தாம் எடுத்த திருமணப் படத்தை ஓர் அழகு நிலையம் விளம்பரத்துக்குப் பயன்படுத்திவிட்டது என்று வருகிறார் என வைத்துக்கொள்வோம். படம் எடுத்தவர் அவர்தான். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, கூலி பெற்றுக்கொண்டு ஒருவருக்காக எடுத்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு ரசீது மட்டும் கொடுத்திருந்தால் அறிவிப்பு அனுப்ப வேண்டியவர் மணவீட்டார்தான். பணியிலிருக்கும் ஊழியர் அப்பணிக்காகச் செய்த படைப்பும், ஒப்பந்தம் வேறாக இல்லாவிடில், நிறுவனத்துக்கே உரியது.

பதிப்பாளர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்ப் பதிப்புலகில் வாய்மொழி நம்பிக்கைக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. சட்டத்துக்கு அந்த மரபு தெரியாது. உரிமை மாற்றம் எழுத்தில், எழுத்தாளரின் கையொப்பத்தோடு இருந்தால்தான் 19-ஆம் பிரிவுப்படி செல்லும். எழுத்தில் இருந்தும் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே. பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே. ஒப்பந்தம் கையெழுத்தானபோது இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலன்றி, உரிமை மாறாது என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆகவே பழைய ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்து, மின்னூல் உரிமையும், வேறு யாருக்கும் தராத தனி உரிமமும் யாரிடம் உள்ளன என்று பார்த்த பிறகே அறிவிப்பை யார் பெயரில் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். ஐயம் இருந்தால் எழுத்தாளரும் பதிப்பாளரும் சேர்ந்தே கையொப்பமிடுவது பாதுகாப்பானது.

உரிமை காலாவதியாகிவிட்டதா என்பதும் பார்க்க வேண்டியது. நூலுக்கு ஆசிரியரின் ஆயுளும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் 60 ஆண்டுகளும். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள். தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. வாரிசுகளுக்குத் தொகை வழங்கி அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். பாரதியின் ஆக்கங்களில் தொடங்கிய வழக்கம் அது. நாட்டுடைமையான நாவலை ஒருவர் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருந்தால், அதே நாவலை விற்கும் பதிப்பாளர் அவரைத் தடுக்க முடியாது. உங்கள் பதிப்புக்கென எழுதப்பட்ட முன்னுரை, அடிக்குறிப்புகள், அட்டை ஓவியம் ஆகியவை எடுக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பற்றி மட்டும் முறையிடலாம்.

கடைசியாக, எதிர்த்தரப்புக்கு 52-ஆம் பிரிவின் விலக்கு உண்டா என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி, தனிப்பட்ட ஆய்வு ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வது மீறல் அல்ல. நாவலைக் கிழித்துத் தொங்கவிடும் யூடியூப் விமர்சகர் இரண்டு பத்திகளைப் படித்துக்காட்டுகிறார் என்பதற்காக அறிவிப்பு அனுப்புவது, கசப்பான விமர்சனத்தைப் பதிப்புரிமையின் முதுகில் ஏறி அடக்கப் பார்ப்பது. அதைச் செய்யவும் கூடாது; செய்தால் திருப்பி அடிக்கவும் கூடும். ஆதாரமற்ற சட்ட மிரட்டலுக்கு ஆளானவர் 60-ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமல்ல. எழுதிய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. இருந்தாலும் பதிவுச் சான்றிதழ் உரிமைக்கு முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படுவதால், தொடர்ந்து திருடப்படும் நூல்களுக்கு அதைப் பெற்று வைப்பது நல்லது.

சான்றைப் பத்திரப்படுத்துதல்

அறிவிப்பு போன மறுநிமிடமே ஏற்றியவர் பக்கத்தை அழித்துவிடலாம். ஆகவே அறிவிப்புக்கு முன்னரே சான்று கையில் இருக்க வேண்டும். முழு இணைய முகவரியும் கணினியின் நாள், நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பக்கத்தைத் திறப்பதிலிருந்து கோப்பைத் தரவிறக்குவது வரை திரையைக் காணொளியாகவும் பதிந்துகொள்வது மேல். தரவிறக்கிய கோப்பைத் திருத்தாமல், பெயரைக்கூட மாற்றாமல் தனியே வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிக்க வேண்டியிருப்பதால், தரவிறக்கிய அன்றே அதைக் கணக்கிட்டு எழுதிவைத்துவிட்டால் பின்னர் அலைச்சல் மிச்சம்.

முகவரியை எடுப்பதிலும் ஒரு கவனம் தேவை. ஒருமுறை நான் தேடல் முடிவில் தோன்றிய தற்காலிக இணைப்பை அப்படியே படியெடுத்து அனுப்பிவிட்டேன். "குறிப்பிட்ட உள்ளடக்கம் காணப்படவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் தவறில்லை, அந்த இணைப்பு ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும் வகை. அன்றிலிருந்து, எடுத்த முகவரியை வேறொரு கணினியில், கணக்கில் நுழையாமல் திறந்து பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்கிறேன். டெலிகிராம் என்றால் சேனலின் முகவரி மட்டும் போதாது. கோப்பு உள்ள குறிப்பிட்ட பதிவின் இணைப்பு வேண்டும்.

யாருக்கு அனுப்புவது

ஏற்றியவர் யார் என்று தெரிந்து, அவர் வணிக நோக்கமில்லாத வாசகர் என்று தோன்றினால், முதல் கடிதத்தை அவருக்கே எழுதலாம் என்பது என் கருத்து. தமக்குப் பிடித்த சிறுகதைகளை வாய்விட்டுப் படித்து யூடியூபில் ஏற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, தாம் செய்வது மீறல் என்றே தெரிந்திருக்காது. இரண்டு வரி எழுதினால் பெரும்பாலும் அவரே வருந்தி எடுத்துவிடுவார்.

மற்ற இடங்களில் தளத்துக்கே அனுப்ப வேண்டும். 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட இடைநிலையாளர் விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் பக்கத்தில் காட்ட வேண்டும். 50 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களின் குறைதீர் அலுவலர் இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். முறையீடு வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு 15 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அவ்விதிகள் வந்தபோது வைக்கப்பட்ட கெடு. 2022-இல் சில வகை முறையீடுகளுக்கு 72 மணி நேரம் என்று கெடு சுருக்கப்பட்டபோதும், பதிப்புரிமை முறையீடு அந்தச் சலுகையிலிருந்து விலக்கப்பட்டது. இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுபவை. அனுப்பும் நாளில் நடப்பிலுள்ள வடிவத்தை மின்னணு அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் தொடர்பு விவரமே இல்லை என்றால், அதற்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கும் நிறுவனத்தை, இணைய முகவரிகளின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் (WHOIS) தேடலில் கண்டுபிடித்து அவர்களுக்கு அனுப்பலாம். கூகுள் தேடலிலிருந்து நீக்கக் கோருவதும் பயன் தரும். கோப்பு அங்கேயே இருந்தாலும் வழி தெரியாமல் போகும். ஆனால் கூகுளுக்கு அனுப்பும் கோரிக்கைகளின் படி லுமென் என்னும் பொதுத் தொகுப்பில் இடம்பெறும். அலுவலக முகவரியைப் பயன்படுத்துங்கள், வீட்டு முகவரி வேண்டாம்.

அறிவிப்பின் வாசகம்

2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதி ஓர் அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அவ்விதி, இணைப்பு அல்லது அணுகல் தருவதற்காகத் தற்காலிகமாகவோ இடைநிகழ்வாகவோ சேமிக்கப்படும் படிகளுக்கே உரியது. நிரந்தரமாகச் சேமித்து வைக்கும் தளங்களுக்கு, எது மீறல் என்று சொல்லும் பதிப்புரிமைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவும் மைஸ்பேஸ் தீர்ப்பும் பொருந்தும். எழுதும்போது இரண்டுக்கும் போதுமான ஒரே அறிவிப்பாக எழுதிவிடுவது என் வழக்கம். ஆங்கிலத்தில் அனுப்புவதே நடைமுறை என்றாலும், தமிழில் வரைவு எழுதிப் பார்த்தால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும். சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பிடிஎஃப்புக்கான வரைவு இப்படி அமையலாம்:

"கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், இணைப்பு 1-இல் அட்டைப்படமும் பதிப்புவிவரப் பக்கமும் தரப்பட்டுள்ள சிறுகதைத் தொகுப்பின் பதிப்பாளர்கள். அச்சு, மின்னூல் ஆகிய இரு வடிவங்களிலும் இந்நூலை வெளியிடும் முழு உரிமையை, நூலாசிரியர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் வழியாக உலகளாவிய அளவில் பத்து ஆண்டுகளுக்குப் பெற்றுள்ளோம். ஒப்பந்தத்தின் உரிய பக்கங்கள் இணைப்பு 2-இல் உள்ளன. இந்நூல் முழுவதும் ஸ்கேன் செய்யப்பட்டு, இணைப்பு 3-இல் தரப்பட்டுள்ள நான்கு இணைய முகவரிகளில், எங்கள் அனுமதியின்றித் தங்கள் தளத்தில் தரவிறக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளது. அது எங்கள் பதிப்பின் படியே என்பதற்கு, எங்கள் முதற்பதிப்பின் 87-ஆம் பக்கத்தில் வரி மாறி அச்சான பிழை அக்கோப்பிலும் அதே இடத்தில் இருப்பதைக் காட்டும் பக்கங்களை இணைத்துள்ளோம். முழு நூலையும் வழங்குவதால் இது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கும் பயன்பாடுகள் எதிலும் அடங்காது. ஏற்றியவரின் பயனர் பெயர் இணைப்பு 3-இல் உள்ளது. அவரைப் பற்றி வேறு விவரம் எங்களிடம் இல்லை. இவ்வறிவிப்பு கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்நான்கு முகவரிகளிலும் அணுகலை நிறுத்துமாறு கோருகிறோம். ஏற்றியவர்மீது உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இவ்வறிவிப்பு கிடைத்த 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணையைத் தங்களிடம் அளிப்போம் என்று உறுதியளிக்கிறோம்."

இந்த வரைவில் உயர்வுநவிற்சிக்கோ கோபத்துக்கோ இடமில்லை என்பதைக் கவனியுங்கள். "பலகோடி இழப்பு", "திருட்டுக் கும்பல்" போன்ற சொற்கள் அறிவிப்புக்கு எடை கூட்டுவதில்லை. அச்சுப்பிழைக்குத்தான் எடை அதிகம். பிழை திருத்துநர் கண்ணில் தப்பிய ஒரு வரி, நீதிமன்றத்தில் பதிப்பாளருக்குத் துணைநிற்பதைப் பார்க்கும்போது அவருக்கே நன்றி சொல்லத் தோன்றும்.

கடைசி வாக்கியத்தை எழுதுமுன் யோசிக்க வேண்டும். 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணையைக் காட்டத் தவறினால் தளம் அணுகலை மீண்டும் திறந்துவிடலாம். அதே படைப்பின் அதே மீறலைப் பற்றி நீங்கள் அனுப்பும் அடுத்த அறிவிப்புக்குப் பதில் தர வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. ஆகவே வழக்குக்குப் போகும் எண்ணமோ பணமோ இல்லாதவர் 75-ஆம் விதியை மேற்கோள் காட்டி அந்த உறுதியைத் தருவதைவிட, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர் அலுவலருக்கு முறையிடுவதோ தளத்தின் சொந்தப் படிவத்தை நிரப்புவதோ அறிவுடையது. குறைதீர் அலுவலரின் முடிவு ஏமாற்றம் தந்தால், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாள்களுக்குள் இணையத்திலேயே மேல்முறையீடு செய்யலாம்.

அமெரிக்கத் தளங்களின் படிவங்கள்

யூடியூப், ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் படிவங்கள் 1998-ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின் 512-ஆம் பிரிவை ஒட்டி அமைந்தவை. படைப்பு, இருப்பிடம், தொடர்பு விவரம், கையொப்பம் ஆகியவற்றோடு, இப்பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாகவும், உரிமையாளரின் சார்பில் செயல்படும் அதிகாரம் உண்டு என்று பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுக் கூறுவதாகவும் இரண்டு வாக்கியங்கள் அதில் வரும். படிக்காமல் டிக் அடிக்கும் கட்டங்கள் அல்ல அவை. தெரிந்தே பொய்யான அறிவிப்பு அனுப்பியவரிடம் அதே பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம்.

இந்தியாவின் 75-ஆம் விதியில் இல்லாத ஒன்று அங்கே உண்டு. ஏற்றியவர் எதிர் அறிவிப்பு தரலாம். அப்படித் தந்தால், முறையிட்டவர் வழக்குத் தொடுத்ததைக் காட்டாத வரை, 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் தளம் உள்ளடக்கத்தை மீண்டும் வைத்துவிடும். யூடியூபில் 90 நாள்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (மீறலுக்கான தண்டனைப் புள்ளி) விழுந்தால் சேனலே போய்விடக்கூடும். ஆனால் அங்கே ஏழு நாள் அவகாசம் கொடுத்து முறையிடும் வசதியும் உண்டு. அதற்குள் அவர் தாமே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. மேலே சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கடிதம் சேரவில்லை என்றால் இந்த வசதியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அறிவிப்புக்கு அடங்காதவர்கள்

பெயரை மாற்றி மாற்றி வரும் திருட்டுப் படத் தளங்களுக்கு அறிவிப்பு எழுதுவது ஆற்றில் எழுதுவதைப் போன்றது. மீறலையே தொழிலாகக் கொண்டு, நடத்துபவரை மறைத்து, நீக்கக் கோரிக்கைகளை மதிக்காத தளங்களை முழுமையாக முடக்கவும், அவற்றின் புதிய நகல் முகவரிகளையும் அதே ஆணைக்குள் கொண்டுவரவும் டில்லி உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் யூடிவி என்னும் திரைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கில் வழிசெய்தது. பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிரான ஆணைகளுக்கு, நம் நீதிமன்றங்களில் "அசோக் குமார்" என்று கற்பனைப் பெயரிட்டு வழக்குப் போடும் வழக்கமும் உண்டு.

இந்த ஆயுதத்தைக் கூர்மையாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2012-இல் சென்னை பார்த்தது. ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள், காணொளித் தளமான விமியோ உள்ளிட்ட முழுத் தளங்களையே முடக்கின. குறும்படம் எடுத்து விமியோவில் வைத்திருந்த மாணவர்களும் அதில் அடிபட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 22 அன்று நீதிமன்றம், ஆணை குறிப்பிட்ட இணைய முகவரிகளுக்கு மட்டுமே பொருந்தும், முழுத் தளத்துக்கும் அல்ல என்று தெளிவாக்கியது. அறிவிப்பு ஆனாலும் ஆணை ஆனாலும் கடைசியில் அந்த முகவரிப் பட்டியலில்தான் வந்து நிற்கிறோம்.

டெலிகிராமில் சேனல் நடத்துபவர் யாரென்றே தெரியாத நிலையில், 2022 ஆகஸ்டில் டில்லி உயர்நீதிமன்றம், பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பாடப்பொருள்களைப் பகிர்ந்த சேனல்களை நடத்தியவர்களின் தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களை முத்திரையிட்ட உறையில் தருமாறு அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. ஏற்றியவரின் மீது காவல்துறையில் புகார் கொடுக்கவும் வழியுண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அக்குற்றத்தில் பிணையை உரிமையாகக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 2022-இல் கூறியது. உரிமையியல் வழக்கை, அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவின் பயனால், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். எதிரி எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்கே ஓட வேண்டியதில்லை.

நீங்களே தளம் நடத்துபவரானால்

வாசகர்கள் தாமே கதைகளை ஏற்றும் ஒரு சிறு தளத்தை நீங்கள் நடத்தினாலும், மேலே சொன்ன எல்லாம் தலைகீழாக உங்களுக்குப் பொருந்தும். முதல் கேள்வி, நீங்கள் உண்மையில் இடைநிலையாளரா என்பது. வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்து, தலைப்பை மாற்றி, பத்தி பிரித்து வெளியிடும் இணைய இதழின் ஆசிரியர், தகவலைத் தேர்வு செய்பவரும் திருத்துபவரும் ஆகிறார். 79-இன் குடை அவருக்கு விரிவது கடினம். திருடிய கதையை அவர் வெளியிட்டால் அச்சிதழ் ஆசிரியரைப் போலவே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்றியது தானாக வெளியாகும் தளத்துக்கே அந்தக் காப்பு எளிதில் கிட்டும். அதற்கும் பயனர் விதிமுறைகள், பதிப்புரிமையை மீறக் கூடாது என்ற தெளிவான அறிவுறுத்தல், பெயரோடு ஒரு குறைதீர் அலுவலர் ஆகிய மூன்றும் முகப்பிலிருந்தே எட்டும்படி இருக்க வேண்டும். அந்த அலுவலர் நீங்களாகவே இருக்கலாம்.

அறிவிப்பு வந்தால் மேலே உள்ள வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகவரியோ உரிமைச் சான்றோ இல்லாவிட்டால், குப்பையில் போடாமல், எது குறைகிறது என்று கேட்டு அன்றே பதில் எழுதுங்கள். முழுமையாக இருந்தால் அணுகலை நிறுத்துங்கள், அந்தப் பக்கத்தைத் தேடி வருபவருக்குக் காரணம் தெரியும்படி ஒரு வரி வையுங்கள், ஏற்றியவருக்கும் தெரிவியுங்கள். கோப்பையும் பதிவேடுகளையும் அடியோடு அழித்துவிடாதீர்கள்; நீக்கியதை விசாரணைக்காக 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. குறைதீர் முகவரிக்கு வரும் அஞ்சல், நீங்கள் தினமும் பார்க்கும் பெட்டிக்கே வந்து சேருமாறு செய்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு வந்த அறிவிப்பைத் திங்கள் மாலை திறந்து பார்ப்பவருக்கு, 36 மணி நேரம் அதற்குள் கடந்து போயிருக்கும்.